ஜெல் போட்ட கண்ணும் பக்கத்து பெஞ்சு மாமாவும்

கண்ணாடி போட்ட ஆண்கள் எல்லோருக்கும் ஒரு ரகசிய நம்பிக்கை உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் தாங்கள் அழகு. குளியலறையில் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்திருப்போம். (பார்வை மங்கலாக இருந்தால் யாருமே அழகாகத்தான் தெரிவார்கள் என்பது அப்போது புத்திக்கு எட்டாது.)

நான் நாமக்கல்லில் லாரி டயர் கடை வைத்திருப்பவன். ஐந்தாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை அறுத்து மாட்டியது போலக் கனமான கண்ணாடி. என் கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்திலும் எனக்குக் கண் கிடையாது, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஃபிளாஷ் வெளிச்சம்தான். ஆகவே என் மனைவி கவிதாவின் தங்கை நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் லேசர் செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். கல்யாணம் நித்யாவுக்கு. போட்டோவில் அழகாக விழ ஆசைப்பட்டது நான்.

"ஏனுங்க, உங்கள ஆரு பாக்கப் போறாங்க?" என்றாள் கவிதா. அழகை எதிர்பார்த்திருப்பவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

டாக்டர் நல்ல மனிதர். செய்த பிறகு சில மாதங்கள் கண் வறண்டு போகலாம், இருட்டில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம், பார்வை காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் ஒரு மாதிரியும் இருக்கலாம், சிலருக்கு இது நாளாகும் என்று பொறுமையாகச் சொன்னார். நானும் பொறுமையாகத் தலையாட்டினேன். எந்த மாதிரி கூலிங் கிளாஸ் என் முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சை எந்தக் கோளாறும் இல்லாமல் முடிந்தது. மறுநாள் காலையில் தூரத்தில் வந்த டவுன் பஸ்ஸின் பலகையைப் படித்துவிட்டு ரோட்டில் நின்று சிரித்தேன். டாக்டர் சொன்ன மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வரிசையாக வந்து சேர்ந்தது.

கண் வறட்சி என்றால் கண்ணில் தண்ணீர் வராது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. கண் மணலைப் போட்டுத் தேய்த்தது போல வறண்டு உறுத்தும். அந்த உறுத்தலுக்குப் பயந்து திடீரென்று மடை திறந்தது போலக் கொட்டும். பஞ்சாயத்துக் குழாய் மாதிரி. நாள் முழுக்கச் சொட்டு வராது, நாம் குடத்தை எடுத்துவிட்டு நகர்ந்ததும் பீய்ச்சி அடிக்கும். ஃபேன் காற்று பட்டால் அழுகை, ஏசி பட்டால் அழுகை, வெங்காயம் என்று யாராவது சொன்னாலே அழுகை. கடையில் ஒரு லாரி முதலாளி டயர் விலையைக் கேட்டார். நான் விலையைச் சொல்லும்போது இரண்டு கன்னத்திலும் தாரை தாரையாக வழிந்தது. அவர் பதறிப்போய், "அழுவாதீங்க சாமி, நான் ஒண்ணும் கொறைச்சுக் கேக்கலீங்க, சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேன்" என்றார். (லேசரால் எனக்குக் கிடைத்த ஒரே வியாபார லாபம் இதுதான்.)

பொழுது சாய்ந்தால் வேறு கூத்து. தெருவிளக்கு ஒவ்வொன்றும் பூக்கோலம் போட்டுக்கொள்ளும். பல்புக்கு முன்னால் யார் நின்றாலும் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். பால்காரரும் கேபிள்காரரும் சாமி படத்தில் இருப்பது போலவே காட்சி தந்தார்கள். என் மாமியார் ஒரு நாள் வாசல் விளக்கின் கீழ் நின்று, "நல்லாயிருந்த கண்ணக் கொண்டுபோய்ச் சுட்டுட்டு வந்திருக்கறாரு பாரு" என்று என்னைத் திட்டியபோது அவரும் அம்மனாகத்தான் தெரிந்தார். அதுவும் உக்கிரமான அம்மன்.

மாமியாரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நல்லவர். ஆனால் அவர் பார்வை பட்டால் நட்டு கழன்ற லாரி கூடத் தானாக இறுகிக்கொள்ளும். அவருடைய அண்ணன் துரைசாமி மாமா வட மாநிலத்தில் போர்வெல் வண்டி ஓட்டிப் பெரிய ஆளானவர். அண்ணனும் தங்கையும் பேசிப் பல வருடம் ஆகிவிட்டது. ஏதோ புதுமனை புகுவிழாவில் அண்ணனை மாமியார் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டாராம். அவ்வளவுதான் சண்டை. அந்த இரண்டாம் பந்திக்காக மாமா என் கல்யாணத்துக்கே வரவில்லை. நான் அவரைப் பார்த்ததும் இல்லை.

ஆனால் நித்யாவுக்குத் தாய்மாமன் சீர் செய்ய வேறு ஆள் கிடையாது. மாமன் இல்லாமல் கல்யாணம் நடந்தால் ஊரார் வாயை மூட முடியாது என்று மாமியார் தூக்கமில்லாமல் கிடந்தார். கடைசியில் கவிதா போனில் கெஞ்சியதில் மாமா இறங்கி வந்தார். ஒரே நிபந்தனை. "உன்ற ஊட்டுக்காரர் ஜங்ஷனுக்கு நேரா வந்து, என்னைத் தேடிக் கண்டுபிடிச்சு, மரியாதையாக் கூட்டிட்டுப் போகோணும்."

கல்யாணம் மல்லசமுத்திரத்தில். முந்தின நாள் சாயங்காலம் சேலம் சூரமங்கலம் ஜங்ஷனுக்கு மாமாவின் ரயில் வருகிறது. அந்தி நேரத்தில் நான் வண்டி ஓட்டக்கூடாது என்பதால் வாடகைக் காரும் டிரைவர் பழனியும். கிளம்பும்போது கவிதா அடையாளம் சொன்னாள்: "வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எந்நேரமும் கருப்புக் கண்ணாடி போட்டிருப்பாருங்க. போட்டோ போன்ல அனுப்பியிருக்கறேன், பாத்துக்கங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா ரெண்டு நாளாச் சாப்புடுலீங்க. எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க."

கார் ஏசி நேராக என் கண்ணுக்குள் ஊதியது. ஜங்ஷன் வரும்போது கண் எரிச்சல் தாங்கவில்லை. பையில் இரண்டு மருந்து. ஒன்று பகலில் விடும் சொட்டு மருந்து. இன்னொன்று படுக்கும்போது மட்டும் போட வேண்டிய ஜெல். எதை எடுத்தேன் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஜெல் போட்டதும் சேலம் ஜங்ஷனை யாரோ தேங்காய் எண்ணெயில் முக்கி எடுத்தது போல இருந்தது. கவிதா அனுப்பிய போட்டோவைத் திறந்தேன். வெள்ளையாக ஒரு இட்லி. மேலே கருப்பாக ஏதோ. மாமா நம்பருக்கு அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. சரி, கருப்புக் கண்ணாடி என்ற அடையாளம் போதும் என்று பிளாட்பாரத்துக்குள் நுழைந்தேன்.

பிளாட்பாரம் முழுக்கத் துரைசாமி மாமாக்கள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு கூட்டம் அப்போதுதான் வேறொரு ரயிலில் வந்து இறங்கியிருந்தது. எல்லோருக்கும் ஆஸ்பத்திரி கொடுத்த ஒரே மாதிரி கருப்புக் கண்ணாடி. பாதிப்பேர் வெள்ளை வேட்டி. கொஞ்ச நேரத்தில் அவரவர் வீட்டு ஆட்கள் வந்து ஒவ்வொருவராக அழைத்துப்போக, கடைசியில் அடுத்தடுத்த இரண்டு பெஞ்சில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். இருவரும் வெள்ளை, இருவரும் கருப்புக் கண்ணாடி. ஒருவர் நிமிர்ந்து கால்மேல் கால் போட்டிருந்தார். இன்னொருவர் மடியில் பையை வைத்துக்கொண்டு, யாரோ வரப்போகிறார்கள் என்று வழியைப் பார்த்தபடி இருந்தார்.

நான் இரண்டாமவரிடம் போனேன்.

"மாமா, மாப்பிள்ளை வந்திருக்கறனுங்க" என்றேன்.

"மாப்ளயா! வாங்க வாங்க. உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்று அவர் எழுந்தார்.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த நேரம் பார்த்துப் பிளாட்பாரத்துப் புழுதிக்கு என் கண் மடை திறந்தது. கன்னம், தாடை, சட்டைக் காலர் எல்லாம் நனைந்துவிட்டது. பெரியவர் என் அழுகையைக் கண்டு ஆடிப்போனார். "ஏன் சாமி அழுவுற? நான் நல்லாத்தானே இருக்கேன்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன். பக்கத்து பெஞ்சுக்காரர் கையைத் தட்டி ஏதோ சொன்னார். நம் பாசத்தைப் பார்த்துக் கைதட்டுகிறார் போலிருக்கிறது என்று திரும்பி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாமாவின் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

காரில் ஏறியதும் அவர், "வூடு போய்ச் சேர எத்தன நேரமாவும்?" என்று கேட்டார். நம் பக்கத்தில் 'ஊடு' என்போம், இவர் 'வூடு' என்கிறார். வடக்கே இருந்து இருந்து பேச்சே மாறிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"பெருசு எப்படி இருக்குது?" என்பது அடுத்த கேள்வி.

எனக்கு மெய் சிலிர்த்தது. நானும் கவிதாவும் தனியாகப் பேசும்போது மாமியாரைப் 'பெருசு' என்றுதான் சொல்வோம். அண்ணனும் அப்படித்தான் சொல்கிறார்!

"நல்லா இருக்குதுங்க மாமா."

"இன்னமும் முட்டுதா?"

பழனி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் குரலைத் தாழ்த்தினேன். "முன்ன மாதிரி இல்லீங்க. சத்தந்தான் கொறையலீங்க."

"சத்தம் போட்டாப் பரவால்ல, கம்முனு நின்னாத்தான் பயப்படணும். தீனி எடுக்குதா?"

"ரெண்டு நாளாச் சரியா எடுக்கலீங்க. உங்க நெனப்புத்தானுங்க மாமா."

"அப்படித்தான். நான் ஒரு நாள் இல்லேன்னாலும் தொட்டியில வாய் வெக்காது." அவர் குரல் நெகிழ்ந்துவிட்டது. "புது ஆளு பக்கத்துல போனா ஒதைக்குமே, உங்கள ஒதைச்சுதா?"

"ஒதைக்கலீங்க. எல்லாம் பார்வையிலயேதானுங்க."

"நீங்க பயப்படறீங்க, அது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. தைரியமாப் பக்கத்துல போய் முதுகுல ரெண்டு தட்டுத் தட்டி, கழுத்துக்கு அடியில சொறிஞ்சு விட்டுப் பாருங்க. சொன்ன பேச்சக் கேக்கும்."

மாமியாரின் கழுத்துக்கு அடியில் சொறிந்துவிடும் காட்சியை ஒரு நிமிடம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். கூடப் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் இந்தத் துணிச்சல் வரும்.

"எதுக்கும் வர்ற ஐப்பசியில வித்துரலாம்னு இருக்கேன்" என்றார் அவர்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். இவ்வளவு வேடிக்கையான மனிதரையா இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தார்கள்! மல்லசமுத்திரம் வரும்வரை அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நான் பெருமையில் பூரித்திருந்தேன். பழனி மட்டும் முதுகு குலுங்க ஓட்டிக்கொண்டிருந்தான்.

மண்டபத்து வாசலில் சீரியல் செட் வெளிச்சம். என் கண்ணுக்கு மண்டபமே தீப்பிடித்து எரிவது போலத் தெரிந்தது. "மாமா வந்துட்டாருங்க!" என்று கத்தினேன். வாசலில் நின்றதெல்லாம் இளவட்டங்கள். துரைசாமி மாமாவைச் சிறுவயதில் எப்போதோ பார்த்தவர்கள். மேளம் முழங்கியது. மாலை விழுந்தது. பன்னீர் தெளித்தார்கள். பெரியவர் திகைத்துப்போய் என் காதருகே குனிந்தார்.

"ஏன் மாப்ள, ஒரு கண்ணு ஆபரேஷனுக்கு இத்தன செலவா?"

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நம் கண்ணைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று எண்ணி, "ரெண்டு கண்ணுக்குமே பண்ணிட்டேனுங்க மாமா" என்றேன்.

கூட்டம் விலகியது. உள்ளேயிருந்து மாமியார் ஓடி வந்தார். அந்த ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல், தலையைக் குனிந்தபடியே வந்து நேராகக் காலில் விழுந்தார்.

"அண்ணா, ரெண்டாம் பந்தியில உக்கார வெச்சது என்ற தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க அண்ணா."

மேளம் நின்றது. சுற்றியிருந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். (எனக்கு அது வழக்கம்தான்.)

"எந்திரி சாமி. எந்தப் பந்தியா இருந்தா என்ன, சோறு ஒண்ணுதானே" என்றார் பெரியவர்.

குரலைக் கேட்டதும் மாமியாரின் முதுகு விறைத்தது. மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பெரியவரைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இது ஆருங்க?"

"உங்க அண்ணனுங்க அத்தை."

"என்ற அண்ணன் எனக்குத் தெரியாதா? அவரு இவர விட அரை ஆளு ஒசரம்!"

பெரியவருக்கும் சந்தேகம் தட்டிவிட்டது. கருப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். "இது வாழப்பாடி இல்லீங்களா? நான் ரங்கசாமிங்க. மக வூட்டுக்காரரோட தம்பி கார் எடுத்துக்கிட்டு ஜங்ஷனுக்கு வருவாருன்னு சொல்லியிருந்தாங்க. கட்டுப் பிரிச்ச கண்ணு, எனக்கு மொகம் சரியாத் தெரியலீங்க." என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க அந்த மாப்ள இல்லியா? பெருசு பெருசுன்னு இத்தன நேரம் எதைச் சொன்னீங்க? நான் மக வூட்டுல விட்டுட்டு வந்த எங்க எருமையக் கேட்டேன்."

கூட்டத்துக்குப் பின்னால் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்ற பழனி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, உங்க மாப்பிள்ளை உங்களத்தான் சொல்றாங்கன்னு நெனச்சுட்டாருங்க. ஐப்பசியில விக்கறதா முடிவு பண்ணிட்டாங்க" என்றான்.

மாமியார் என்னைப் பார்த்தார். வறண்டு கிடந்த என் கண் அந்தப் பார்வையில் இன்னும் கொஞ்சம் காய்ந்தது.

வாசலில் எப்போதோ ஒரு டாக்ஸி வந்து நின்றிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கருப்புக் கண்ணாடி. பக்கத்து பெஞ்சுக்காரர்.

"என்னைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்னு போன எடுக்காம உக்காந்திருந்தேன்" என்றார் துரைசாமி மாமா எல்லோருக்கும் கேட்கும்படி. "பக்கத்துல இருந்தவரக் கட்டிப்புடிச்சு அழுவறாரு. கையத் தட்டிக் கூப்புட்டேன். எனக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிட்டாரு!"

பிறகு தங்கை பக்கம் திரும்பினார். "டாக்ஸிய விட்டு எறங்கறப்பவே உன்ற பேச்சக் கேட்டேன். ஆனா அது அவருக்குச் சொன்னது. எனக்கு இன்னொரு தடவ சொல்லு."

மாமியார் முகம் மாறியது. "ஒரு தடவ சொல்லியாச்சுங்க அண்ணா. கால்லயும் உளுந்தாச்சு."

"உளுந்தப்ப நான் அங்க இருந்தனா?"

"நான் உங்களுக்குத்தான் சொன்னேன். நீங்க இல்லாதது என்ற தப்பா?"

இரண்டு பேரும் அசையவில்லை. மாமா டாக்ஸியின் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. மணப்பெண் அலங்காரம் பாதியில் இருக்க கவிதாவும் நித்யாவும் படியில் வந்து நின்றார்கள். நித்யாவின் ஒரு கண்ணில் மட்டும் மை. அந்த ஒரு கண்ணில் கண்ணீர் திரண்டு நின்றது. என் வாழ்க்கையில் தரை பிளந்து என்னை விழுங்க வேண்டும் என்று நான் உண்மையாக ஆசைப்பட்ட ஒரே நேரம் அதுதான்.

ரங்கசாமி ஐயாதான் நகர்ந்தார். கையால் துழாவித் துழாவி மாமாவிடம் போனார். தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றினார்.

"ஏங்க, அந்தப் பொண்ணு உங்களுக்குத்தாங்க சொல்லுச்சு. நீங்க வர்ற வரைக்கும் நான் வாங்கி வெச்சிருந்தேன். இந்தாங்க, எடுத்துக்குங்க" என்று மாமாவின் கழுத்தில் போட்டார்.

போட்டது சரியாக விழவில்லை. ஒரு கண்தானே தெளிவு, மாலை மாமாவின் கருப்புக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு தொங்கியது. மாமியார்தான் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். தங்கையைப் பார்த்து மாமாவும் சிரித்துவிட்டார். மேளக்காரர்கள் இதுதான் சமயம் என்று மறுபடியும் அடிக்கத் தொடங்கினார்கள்.

ஐயாவின் பையில் அணைந்து கிடந்த போனை எடுத்துக் கவிதா உயிர்ப்பித்தாள். உடனே மணி அடித்தது. ஜங்ஷனில் அப்பாவைக் காணோம் என்று மகள் அழுது அரற்றிக்கொண்டிருந்தாள். கவிதா நிதானமாக விஷயத்தைச் சொல்ல, எதிர்முனையில் அழுகை நின்று வசவு தொடங்கியது. முழுவதும் எனக்கானது என்பதால் கவிதா போனை என் காதில் வைத்தாள். வாழப்பாடியிலிருந்து அந்தக் குடும்பமே கார் பிடித்து வந்தது. வந்தவர்களை மாமியார் சாப்பிடாமல் விடவில்லை. இலைக்கு முன்னால் துரைசாமி மாமாவும் ரங்கசாமி ஐயாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றாமல், நெடுநேரம் எருமையைப் பற்றிப் பேசினார்கள். இருவரில் யார் யார் என்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை.

மறுநாள் சீர் செவ்வனே நடந்தது. மாமியார் மட்டும் ஐப்பசி பிறக்கும்வரை என்னிடம் நேரடியாகப் பேசவில்லை.

கண் இப்போது எவ்வளவோ தேவலாம். மணல் உறுத்தல் குறைந்துவிட்டது. சட்டைப் பையில் சொட்டு மருந்து மட்டும் நிரந்தரம். விளக்கைச் சுற்றி மெல்லிய வளையம் இன்னும் இருக்கிறது, பழகிவிட்டது. ரங்கசாமி ஐயா எங்கள் வீட்டு விசேஷம் எதையும் விடுவதில்லை. இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்ததும் போன் செய்து, "இதுக்கும் மேளம் உண்டுங்களா மாப்ள?" என்று கேட்டார்.

என் நிலைமைதான் பரிதாபம். கவிதாவின் சொந்தத்தில் இன்று என் பெயர் ஒரு வினைச்சொல். மண்டபத்தில் ஒருவர் செருப்பை இன்னொருவர் மாட்டிக்கொண்டு போனால், "ஆரோ மாப்பிள்ளை பண்ணிட்டாங்க" என்பார்கள். கூரியர்காரர் அடுத்த வீட்டுப் பார்சலை எங்கள் வீட்டில் கொடுத்தாலும் அதே சொல்தான். ஏன் என்று தெரியாதவர்கள்கூடச் சொல்கிறார்கள். போன மாதம் எங்கள் மகள் பள்ளியிலிருந்து வேறொரு குழந்தையின் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் நின்று மூடியைத் திறந்து பார்த்தவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அம்மா, நான் அப்பா பண்ணிட்டேன்!"